ரசிகர்கள் பணம் திரட்டி மங்கா லைசென்ஸ் வாங்க முடியுமா?

முடியும். ஆனால் பணம் திரட்டுவது இதில் கடைசி வேலை. அதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளும் குழுக்கள்தான் ஆரம்பத்திலேயே அடிபடுகின்றன.

ஒரு மங்காத் தொடரை (ஜப்பானியக் காமிக்ஸை) ஐந்தாறு வருஷமாக ஸ்கேன் செய்து, உரிமை இல்லாமலே மொழிபெயர்த்து இணையத்தில் போட்டு வரும் ஸ்கான்லேஷன் குழுவுக்கு அந்தப் படைப்பின் மேல் உண்மையான பற்று இருக்கும். படிக்கிற கூட்டமும் இருக்கும். "ஆளுக்கு இருபது டாலர் போட்டால் லைசென்ஸையே வாங்கிவிடலாமே" என்ற பேச்சு எழுவது இயல்பு. நியாயமான ஆசைதான். ஆனால் கையில் உரிமை இல்லாமல் அந்த மங்காவின் பெயரையும் அட்டைப்படத்தையும் போட்டு வசூலில் இறங்கினால் அதுவே காப்புரிமை மீறல். மொழிபெயர்க்கும் உரிமை ஆசிரியருக்கே என்று சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 8-வது பிரிவு சொல்கிறது. புகார் போனால், பொதுமக்களிடம் பணம் திரட்ட உதவும் தளமான கிக்ஸ்டார்ட்டர் உங்கள் பக்கத்தை இறக்கிவிடும். பக்கம் போனால் போகட்டும், பதிப்பகத்தின் உரிமைப் பிரிவில் உங்கள் குழுவின் பெயர் கெட்டுவிடுமே, அதைத் திரும்பச் சம்பாதிப்பது கஷ்டம்.

எனவே முதலில் ஒப்பந்தம். அதற்கும் முன்னால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு பதிவு செய்த நிறுவனம். புனைபெயரில் இயங்கும் அரட்டைக் குழுவோடு எந்தப் பதிப்பகமும் ஒப்பந்தம் போடாது.

யாரிடம் கேட்பது? ஜப்பானில் காப்புரிமை பெரும்பாலும் மங்காவை வரைந்த ஆசிரியரிடமே இருக்கும், வெளிநாட்டு உரிமையைப் பதிப்பகம் பார்த்துக்கொள்ளும். பெரிய பதிப்பகங்களான ஷூயிஷா, ஷோகாகுகான் படைப்புகளை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் விஸ் மீடியா என்ற சொந்த நிறுவனம் இருக்கிறது. கோடான்ஷாவுக்கும் அங்கே சொந்த நிறுவனம் உண்டு. ரசிகர் குழுவுக்குத் திறக்கக்கூடிய கதவுகள் மூன்று: சிறு பதிப்பகங்கள், உரிமை ஆசிரியர் கைக்கே திரும்பிவிட்ட பழைய படைப்புகள், ஆசிரியரே அச்சிட்டு விற்கும் தோஜின்ஷி. முதல் முயற்சிக்கு மூன்றாவதுதான் சரி. ஒரே ஆள் சம்மதித்தால் போதும்.

கேட்டு எழுதும் கடிதத்தில் பாராட்டு இரண்டு வரி போதும். மொழி, எந்தெந்த நாடுகள், அச்சா டிஜிட்டலா, விலை, முதல் பதிப்பின் பிரதிகள், எத்தனை வருஷம், ராயல்டி எத்தனை சதவீதம், முன்பணம் எவ்வளவு, இவை எல்லாம் எண்ணாக இருக்க வேண்டும். முன்பணத்தைப் பெரும்பாலும் முதல் பதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். விலை 14 டாலர், ராயல்டி 8 சதவீதம், 2,000 பிரதிகள் என்று வைத்துக்கொண்டால் 2,240 டாலர். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் இது ஒரு தொகுதிக்கு மட்டும். 12 தொகுதித் தொடர் என்றால் 26,880. அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு, லெட்டரிங் (பேச்சுக் குமிழிகளில் எழுத்துப் பதிப்பது), மெய்ப்பு, அச்சு, தபால் எல்லாம். கிக்ஸ்டார்ட்டர் கட்டணம் 5 சதவீதம். பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதமும் 20 சென்ட்டும் தனி. ஒருவர் 20 டாலர் போட்டால் உங்கள் கைக்கு வருவது 18.20தான். வெளிநாட்டுத் தபால் செலவு புத்தக விலையையே தாண்டலாம், அதைப் புத்தகத்துக்காக வாங்கும் தொகையோடு சேர்க்காமல் தனியாக வசூலியுங்கள்.

நீண்ட தொடர்கள் இங்கேதான் கவிழ்கின்றன. முதல் தொகுதிக்குப் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஐந்தாவதுக்கு வருவதில்லை, முன்பணமோ ஒவ்வொரு தொகுதிக்கும் கட்டியாக வேண்டும். புகழ்பெற்ற மங்கா ஆசிரியர் ஒசாமு தெசூகாவின் படைப்புகளுக்காக டிஜிட்டல் மங்கா என்ற அமெரிக்கப் பதிப்பகம் நடத்திய வசூல்களைப் பாருங்கள். 2012-ல் 'பார்பரா' என்ற ஒற்றைத் தொகுதிக்குக் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. 2014-ல் 31 தொகுதிகளுக்கு 3,80,000 டாலர் கேட்டார்கள், அது தோற்றது. ஆசிரியர் ஒருவரே, கேட்ட அளவுதான் வேறு. ஒன்றிலிருந்து மூன்று தொகுதிக்குள் முடியும் கதையைத் தேர்ந்தெடுங்கள்.

ரசிகர் குழுவாகத் தொடங்கி முறையான நிறுவனமானவர்களும் உண்டு. செகாய் ப்ராஜெக்ட் விஷுவல் நாவல்களை (படங்களோடு கதையைப் படித்துச் செல்லும் கணினி விளையாட்டுகளை) மொழிபெயர்த்து வந்த குழு. 'க்ளானட்' விளையாட்டுக்கு உரிமையைப் பெற்ற பிறகே 2014 கடைசியில் 1,40,000 டாலர் கேட்டார்கள், 5,41,000-க்கு மேல் வந்தது.

ஏற்கெனவே செய்த ஸ்கான்லேஷன் பக்கங்கள் அச்சுக்கு உதவும் என்று நினைக்காதீர்கள். பத்திரிகையிலிருந்து ஸ்கேன் செய்த படத்தைச் சுருக்கினால் நிழலுக்காகப் போடும் ஸ்க்ரீன்டோன் புள்ளிகள் படத்தின் பிக்சல் கட்டங்களோடு மோதி, கன்னத்து நிழலில் பாய் பின்னியதுபோல் கோடு விழும். திரையில் கண்ணுக்குத் தப்பிவிடலாம், தாளில் முகத்தையே கெடுக்கும். பதிப்பகத்திடம் மூலக் கோப்புகளைக் கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துருவையும் கவனியுங்கள். குழுக்கள் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தும் வைல்டு வேர்ட்ஸ் விலை கொடுத்து வாங்க வேண்டியது. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களிலும் பல, வணிக வெளியீட்டுக்குத் தனி உரிமம் கேட்பவை.

மொழிபெயர்ப்பாளருக்கும் லெட்டரிங் செய்பவருக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று திட்டத்திலேயே கூலி போடுங்கள். மேலே சொன்ன டிஜிட்டல் மங்கா நிறுவனத்தின் 'கில்டு' திட்டம் ரசிகர்களை அதிகாரபூர்வ வேலைக்குச் சேர்த்தபோது முன்கூலி கிடையாது, விற்பனையில் பங்கு மட்டும். உழைப்பவரின் தலையிலேயே நஷ்டத்தையும் கட்டும் அந்த ஏற்பாட்டை நான் ஏற்கமாட்டேன்.

தமிழில் செய்ய நினைப்பவர்களுக்கு முன்பதிவும் சந்தாவும் புதிதல்ல. சிவகாசியின் லயன்–முத்து காமிக்ஸ் ஐரோப்பிய உரிமைகளை வாங்கி அந்த வழியில்தான் வாசகரிடம் சேர்க்கிறது. புதிதாகக் கவனிக்க வேண்டியது வரி. இந்தியாவிலிருந்து ஜப்பானுக்கு ராயல்டி அனுப்பும்போது இரு நாட்டு ஒப்பந்தப்படி 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். 'வரி போக முழுத்தொகை' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அந்தச் சுமை உங்களுடையது. 2,240 டாலர் அங்கே போய்ச் சேர, நீங்கள் ஒதுக்க வேண்டியது ஏறத்தாழ 2,489.

முதல் கடிதம் போவதற்கு முன்னால் அந்தப் படைப்பின் ஸ்கான்லேஷனை எல்லா இடத்திலிருந்தும் நீங்களே எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, தேதியோடு எழுதுங்கள்.