கேட்டமரான் வேறு, கட்டுமரம் வேறு

ஆங்கில அகராதியில் 'கேட்டமரான்' என்று தேடினால், இரண்டு உடல் கொண்ட படகு என்று பொருள் இருக்கும். பக்கத்திலேயே, தமிழ் 'கட்டுமர'த்திலிருந்து வந்த சொல் என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, இரட்டைப் படகை உலகத்துக்குக் கொடுத்ததே நாம்தான் என்று பலர் எழுதுகிறார்கள். சோழர் கடற்படையே அதில்தான் போனது என்று கூடச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நம் குமரி மாவட்டக் கடற்கரையில் வயசான ஒரு மீனவரிடம் இரட்டைப் படகின் படத்தைக் காட்டிப் பாருங்கள். "இது எப்படி மரமாகும்?" என்றுதான் கேட்பார். அவர் கேள்விதான் சரி.

கட்டுமரத்துக்கு 'உடல்' என்பதே கிடையாது. அல்பீசியா போல எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, முன்னாலும் பின்னாலும் கயிற்றால் இறுக்கிக் கட்டியது அது. நடுவில் வரும் தடி நீளம், கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். இரு பக்கத் தடிகளும் சற்று உயர்ந்து இருப்பதால் நடுவே ஒரு பள்ளம் கிடைக்கும். அணியம், அதாவது முன்முனை, மேல்நோக்கி வளைந்திருக்கும், அலையைக் குத்தி ஏற அதுதான் உதவும். தண்ணீர் தடிகளின் இடுக்கு வழியே ஏறும், அதே வழியே இறங்கும். தேங்க இடமில்லாததால் நிரம்பி மூழ்கவும் வழியில்லை. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

ஆணி அடிக்காமல் கட்டுவதற்குக் காரணம் உண்டு. கரையலை அடிக்கும்போது தடிகள் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். ஆணி என்றால் துருப்பிடித்து, துளை பெரிசாகி, மரமே பிளக்கும். இரண்டாவது, இந்த மென்மரம் தண்ணீர் குடிக்கும். காயப்போடாமல் தொடர்ந்து இறக்கினால் கனத்து, தாழ்ந்து மிதந்து, துடுப்பு போடுகிறவனின் தோளை ஒடித்துவிடும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாக வெயிலில் போடுவார்கள். ஒரு தடி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கட்டில்தான் எல்லாக் கவனமும் வேண்டும். அது தளர்ந்தால் தடிகள் ஒன்றோடொன்று உரசிக் கயிற்றைத் தின்னும், பிறகு அலையிலேயே பிரிந்துபோகும். இதற்குத் தென்னங்கயிறு ஏற்றது, உப்புத்தண்ணீரில் சீக்கிரம் மக்காது. அந்தக் 'கயிறு'ம் மலையாளக் கரை வழியாக 'காயர்' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் அதன் பொருள் நாராகிவிட்டது, அதாவது நாம் தும்பு என்பது.

சொல் போன வழிக்கு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. 1583-இல் வந்த வெனிஸ் நகைவணிகர் காஸ்பரோ பால்பி 'கட்டமெரோனி' என்று, முதல் எழுத்தை 'ஜி' போட்டு எழுதினார். அவர் பார்த்தது ஏழு தடி: அடிப்பாகத்துக்கு ஐந்து, தண்ணீரைக் கிழிக்க நடுவில் நீளமாக ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று. 1697-இல் வெளிவந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூல் சோழமண்டலக் கரையில் ஒற்றை ஆள் போகும் சிறு மிதவையைச் சொல்கிறது. அதில் போகிறவனின் காலும் புட்டமும் எப்போதும் தண்ணீரில்தானாம். இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்காக 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 'கட்டு', 'மரம்' என்று சரியாகப் பிரித்துக் காட்டியதோடு, கடைசி அசையை அழுத்திச் சொல்லும் ஆங்கிலேய வழக்கு தவறு என்றும் குறித்தது. 'ம்' எப்படி 'ன்' ஆனது? 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி ஒலி மூக்கொலியாகத் தேய்கிறது. அதை அந்நியக் காது 'ன்' என்று எடுத்திருக்கலாம்.

ஆங்கிலத்துக்குள் போனபின் பொருள் கண்டபடி கிளைத்தது. 1804 அக்டோபரில் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுப் படகுகள்மீது ஆங்கிலேயர் ஏவிய மிதக்கும் வெடிப்பெட்டிக்கும் இதே பெயர். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ராபர்ட் ஃபுல்டன் வகுத்த அது சுமார் 21 அடி நீளம். உள்ளே வெடிமருந்து, கடிகாரப் பொறி. ஆர்ப்பாட்டத்துக்கு ஏற்ற சேதம் ஏதும் விளையவில்லை. கப்பலுக்கும் துறைச்சுவருக்கும் நடுவே உரசாமல் போடும் மிதவையும் கேட்டமரான்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பனிமேல் விறகு இழுக்கும் சறுக்குவண்டிக்கும் அந்தப் பெயர் ஏறியது. 19-ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரியைத் திட்டவும் பயன்பட்டது. சொல்லின் தலையில் 'கேட்', அதாவது ஆங்கிலப் 'பூனை' தெரிந்ததால் வந்த பொருளாக இருக்கலாம். இப்போது அது வழக்கில் இல்லை.

இரட்டைப் படகுப் பொருளை ஊன்றவைத்தவர் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியேல் ஹெரஷாஃப். 1876-இல் நியூயார்க் பாய்மரப் போட்டியில் அவருடைய 'அமரில்லிஸ்' எல்லாவற்றையும் முந்தியது. மற்றவர்கள் ஆட்சேபித்ததால் தகுதிநீக்கமும் ஆனது. 1877-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் இரண்டு உடலை இணைத்து ஆழ்கடல் தாண்டிய பழைய பெருமை பசிபிக் தீவு மக்களுடையது. அதன் சூத்திரமே வேறு: மெலிந்த இரண்டு உடல்கள் இடைவெளிவிட்டு நிற்பதால் அகலம் கிடைக்கிறது, அகலத்தால் சாயாத நிலை, மெலிவால் வேகம். ஆனால் ஒரு தடவை முழுக்கக் கவிழ்ந்தால் தலைகீழாகவே நிலைத்துவிடும், நாலுபேர் கைபோட்டுப் புரட்டுகிற காரியமில்லை. கட்டுமரத்தில் இடைவெளி என்றாலே ஆபத்து.

பிறகு சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டினார்கள். 'மரான்' என்றாலே படகின் உடல் என்று வைத்துக்கொண்டு, மூன்று உடலுக்கு 'ட்ரைமரான்' என்றும் ஐந்துக்கு 'பென்டமரான்' என்றும் செய்தார்கள். 'கட்டு' காணாமல் போய், மரம் மட்டும் எண்ணிக்கையோடு நிற்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கேட்டமரான் கப்பல் வெள்ளோட்டம் என்ற செய்தியைக் 'கட்டுமரம்' என்று போட்டால், முட்டத்திலும் குளச்சலிலும் படிப்பவர் மனசில் தடிகள்தான் வரும். 'இரட்டை உடல் படகு' என்று எழுதலாம், அல்லது 'கேட்டமரான்' என்றே விடலாம். ட்ரைமரானுக்கு 'மூவுடல் படகு' போதும். எதிர்த்திசையில், பழைய மெட்ராஸ் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில், கரையலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோன ஆட்களோடு இச்சொல் வந்தால் தயங்காமல் 'கட்டுமரம்' என்று எழுதுங்கள். 1876-க்கு முந்தைய குறிப்பு என்றால் இரட்டைப் படகாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஊர் இந்தியக் கரையா, பனிநாடா, போர்க்களமா என்று பார்த்தாலே மீதிக் குழப்பம் தீரும்.