விருந்துக்கு அழைத்து நன்கொடை கேட்ட அனுபவம்

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸுக்கு வடக்கே உள்ள எங்கள் வட்டாரச் சாரணர் அமைப்பு 2025 ஏப்ரலில் நடத்திய மதிய விருந்தின் ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். ஊருக்கு உழைத்த ஒருவரை மேடையேற்றிப் பாராட்டுவதும், அவர் மீதுள்ள மதிப்பால் வருவோரிடம் பிள்ளைகளுக்காக நிதி திரட்டுவதும் அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். ஆனால் மதுரையில் வளர்ந்த எனக்கு, சாப்பிட வாருங்கள் என்று அழைத்துவிட்டு, இலையிலிருந்து எழும் முன்னரே பணம் கேட்பது முதல் கூட்டத்திலிருந்தே உறுத்தலாக இருந்தது.

முதலில் நாங்கள் தேர்ந்தெடுத்தது பதவியில் இருந்த நகர்மன்ற உறுப்பினர் ஒருவரை. நல்ல மனிதர், கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் குழுவிலிருந்த வழக்கறிஞர் ஒருவர், டெக்சாஸில் பல ஊர்களின் நகர்மன்றத் தேர்தல்கள் மே மாதத் தொடக்கத்தில் வருவதையும், 2025-இல் அது மே 3 என்பதையும், அவர் மீண்டும் போட்டியிடப் போவதையும் நினைவூட்டினார். எங்களுடையதைப் போன்ற, வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அறநிறுவனங்கள் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ தேர்தல் பரப்புரையில் ஈடுபடக் கூடாது என்று 1954 முதல் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஒரு வேட்பாளருக்கு மேடையும் கைத்தட்டலும் கொடுப்பதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நிலைமையைச் சொன்னபோது அவர் வருத்தப்படாமல் விலகிக்கொண்டார். இதுபோன்ற விருந்தைத் திட்டமிடுபவர்கள் பெயரை முடிவு செய்யும் முன் தேர்தல் நாள்காட்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அதன்பின் பள்ளி வாரியத்தில் 12 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரை அணுகினோம். டெக்சாஸில் பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கு ஊதியம் கிடையாது. இரவு வெகுநேரம் நீளும் கூட்டங்கள், பெற்றோரின் கோபம், வரவுசெலவுத் திட்டம் எல்லாவற்றையும் அவர்கள் சம்பளமின்றியே தாங்குகிறார்கள். தொலைபேசியில் என் தயக்கத்தை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குக் கேடயம் வேண்டாம். என் பெயரைச் சொன்னால் பத்துப் பிள்ளைகள் முகாமுக்குப் போக முடியுமென்றால் தாராளமாகச் சொல்லுங்கள்" என்றார். என் உறுத்தல் அன்றுதான் குறையத் தொடங்கியது.

விருந்தின் பெரும்பாலான வேலை மேசைப் பொறுப்பாளர்களைப் பிடிப்பதுதான். பொதுவாக ஓர் அழைப்பிதழை அனுப்பினால் யாரும் வருவதில்லை; தெரிந்தவர் கூப்பிட்டால்தான் வருவார்கள். ஆகவே 24 பேரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, ஒவ்வொருவரும் தம் மேசைக்கு எட்டுப் பேரைத் திரட்டும்படி கேட்டுக்கொண்டோம். அம்மையாரின் பழைய சக உறுப்பினர்கள், தலைமையாசிரியர்கள், பல் மருத்துவர், கார் பழுதுபார்க்கும் கடைக்காரர் என்று அந்தப் பட்டியல் அவருடைய பொதுவாழ்வையே காட்டியது. அந்தப் பிப்ரவரி 8-ஆம் தேதி, தேசிய அமைப்பு தன் 115-ஆம் ஆண்டு நிறைவில் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயர் மாற்றிக்கொண்டதால், பழைய பெயரிட்ட உறைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாக அச்சடித்தோம்.

ரசீது விஷயத்தில் தவறு என்னுடையது. இருக்கைக்கு 150 டாலர் வாங்கினோம். அதில் உணவின் மதிப்பு 40 டாலர். செலுத்தும் தொகை 75 டாலரைத் தாண்டி, பதிலுக்குச் சாப்பாடு போன்ற ஏதேனும் கிடைத்தால், அதன் மதிப்பைக் கழித்த 110 டாலருக்கு மட்டுமே வரிக்கழிவு கோரலாம் என்பதை நன்கொடையாளருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். முதல் அறுபது ரசீதுகளில் அந்தக் குறிப்பை நான் சேர்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுத் திருத்திய ரசீதை அனுப்ப இரண்டு இரவுகள் பிடித்தன.

பாராட்டுரையை யார் பேசுவது என்பதில் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பிரமுகர் ஒருவரை அழைக்கலாம் என்றார்கள் சிலர். ஒரு சாரணப் பிள்ளைதான் பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஈகிள் என்னும் உச்ச நிலையை எட்ட 21 மெரிட் பேட்ஜ்கள், அதாவது ஒவ்வொரு துறையிலும் தேர்ச்சிக்குத் தரப்படும் சின்னங்கள், தேவை. அவற்றில் ஊர்க் குடிமை பற்றிய பேட்ஜுக்காக நகர்மன்றம், பள்ளி வாரியம், நீதிமன்றம் போன்ற ஒன்றின் அமர்வுக்கு நேரில் போய், இரு கருத்துகள் மோதும் ஒரு பிரச்சினையில் தன் நிலைப்பாடு என்ன, ஏன் என்று பயிற்றுநரிடம் விளக்க வேண்டும். அதற்காகப் பள்ளி வாரியக் கூட்டங்களுக்குப் போன பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்தபோது பதினாறு வயதுப் பையன் ஒருவன் கிடைத்தான்.

விருந்தன்று அவன் சீருடைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் போன கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் அது. மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறியும் மூன்று வரிகளும் இருந்தன. பேருந்துத் தடங்களைக் குறைப்பது பற்றிய வாக்கெடுப்பு தனக்குப் புரியவில்லை என்று கூட்டம் முடிந்தபின் அவன் சொல்ல, அம்மையார் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த விளக்கம் அது. கடைசி வரி, "நான் தோற்ற பக்கத்தில் வாக்களித்தேன். நீ எந்தப் பக்கம்?" என்றிருந்தது. காகிதத்தைப் பிடித்திருந்த கை நடுங்கினாலும் குரல் பிசகவில்லை. முன்மேசையில் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவன் பேசியது மூன்றே நிமிடம்.

அதற்குப் பிறகு நன்கொடை கேட்கும் பொறுப்பு எனக்கு. முகாம் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள், சீருடை வாங்க இயலாதவர்கள் பற்றி நான்கு வாக்கியங்கள் மட்டும் பேசிவிட்டு, மேசையிலுள்ள அட்டையை நிரப்புங்கள் என்றேன். எனக்குக் கூச்சம் வரவில்லை. அந்தப் பையன் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்ட காரியத்துக்கு நான் அட்டையை நீட்டினேன், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய விருந்தைச் சொன்னபடி ஒரு மணிக்கு முடித்தோம். அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியவர்களின் நேரத்தை மதித்தால்தான் மறுமுறை வருவார்கள்.

நன்றிக் கடிதங்களை இரண்டு வாரத்துக்குள் அனுப்பினோம், ஒவ்வொன்றிலும் உணவின் மதிப்பு 40 டாலர் என்ற அந்தக் குறிப்போடு. பையனும் அவன் அம்மாவும் எங்கள் விருந்தினர்கள் என்பதால் அவர்களுக்கு ரசீது இல்லை. நானே கையால் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு நாள் கழித்து அந்த அம்மா கூப்பிட்டு, அடுத்த ஆண்டு ஒரு மேசையைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.