என் பவுனும் இவருடைய கணக்கும்

அமெரிக்காவில், கொலம்பஸில் பொங்கலுக்குக் கூடியிருந்தோம். ஆளுக்கொரு சமையல் கொண்டுவர வேண்டும். என் பங்கு புளியோதரை. அதைத் தட்டில் போட்டுக்கொண்டே, எங்களைவிட இரண்டொரு வயது இளைய தம்பதியில் அந்தப் பையன் இவரிடம் கேட்டான்: “அண்ணா, உங்க நெட்வொர்த் எவ்வளவு வந்திருக்கு?” கடன் போக மிஞ்சுகிற சொத்து, அதாவது நிகர மதிப்பு, எவ்வளவு என்கிறான்.

ஊரில் “பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டீங்க” என்று கேட்கிறவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் அம்மா காதில்தான் கேட்பார்கள். இங்கே புளியோதரைக்கும் வடைக்கும் நடுவில் கேட்டுவிட்டான். இவர் சிரித்து மழுப்பினார். அவர்களோ மாதாமாதம் முதல் ஞாயிறு இருவரும் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்களாம். அமெரிக்க மத்திய வங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடும்பச் சொத்துக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2022 கணக்குப்படி 35 முதல் 44 வயதுக் குடும்பங்களில் நடுவில் நிற்கிற குடும்பத்தின் நிகர மதிப்பு 1,35,600 டாலர். “நாங்க அதைத் தாண்டிட்டோம்,” என்றாள் அந்தப் பெண், குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

வீடு திரும்பும் வழியில் இவர் பேசவே இல்லை. ராத்திரி லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. இருப்பதைக் கூட்டி, கடனைக் கழிக்க வேண்டும். வங்கியில் இருப்பது, 401கே ஓய்வூதியக் கணக்கு, வீட்டின் இன்றைய விலை, கார். இதிலிருந்து வீட்டுக் கடனும் கார் கடனும் போக மீதி. எங்களுக்கு அடி விழுந்தது வீட்டில்தான். 2021 ஜனவரியில் 30 வருடக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம். 2023 அக்டோபரில் 7.79. நாங்கள் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 4 லட்சம் டாலர் கடனை 6.5 சதவீதத்துக்கு வாங்கினால்கூட மாதத் தவணை ஏறத்தாழ 2,528 டாலர். முதல் மாதத் தவணையில் 2,167 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 361தான். முன்னால் வந்து முன்னால் வாங்கியவர்களோடு பின்னால் வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது, யார் எந்த வருடம் விமானம் ஏறினார்கள் என்று பார்ப்பதுதான். இதை இவரிடம் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

மறுநாள் பார்த்தால் கணக்கில் புதிதாக ஒரு வரி: “தங்கம், 30 பவுன்.” எதிரே சுமார் 33,000 டாலர். 2025 தொடக்கத்தில் கேரளத்தில் 60,000 ரூபாய்க்குள் இருந்த பவுன், டிசம்பரில் லட்சத்தைத் தாண்டிவிட்டதல்லவா, அந்த விலையில் போட்டிருந்தார். அந்த ஒரு வரியால் குடும்பம் 1,35,600-ஐத் தாண்டி நின்றது.

“ஏனுங்க, இது யாரு நகை?”

“நம்மதுதானே?”

இங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த 30 பவுனும் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் அப்பா தென்னையைக் கள்ளுக்கு விட்டுச் சேர்த்தது. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் காய்க்கு விடுவதைவிடக் கள் இறக்கும் செத்துக்காரரிடம் விட்டால் கையில் காசு நிற்கும். கேரளத்துக் கள்ளில் பெரும்பங்கு எங்கள் ஊர்த் தோப்புகளில் இருந்துதான் போகிறது. மழை மறைவுப் பூமி, ஆழியாற்றுத் தண்ணீர் வருகிற வருடம் ஒரு மாதிரி, வராத வருடம் வேறு மாதிரி. அந்த நிச்சயமில்லாத வருமானத்தில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பவுனாகச் சேர்த்தது. அதை இவர் ஒரு வரியில் சேர்த்து, முகம் தெரியாத அமெரிக்கக் குடும்பங்களைத் தாண்டிவிட்டார்.

சட்டமும் என் பக்கம்தான் என்று எடுத்துச் சொன்னேன். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே முழு உரிமை என்று உச்சநீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 89 பவுனைக் கணவன் வீட்டார் எடுத்துக்கொண்டதாகச் சொன்ன பெண்ணுக்கு 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. கஷ்டத்துக்குக் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம். திருப்பிக் கொடுக்கும் கடமை அவன் தலையில். “அப்படிப் பார்த்தால் இதை நீங்க கடன் பக்கம் எழுதணும்,” என்றேன். ஆனைமலைக்காரர், உடனே வாய் கொடுக்க மாட்டார். எழுந்துபோய்க் காபி போட்டார்.

அப்புறம் யோசித்தால் எனக்கு நகையைவிட வேறொன்றுதான் உறுத்தியது. அந்தக் கணக்கில் “வருமானம்” என்று இரண்டு கட்டம். பழைய வருடங்களில் என் கட்டத்தில் எல்லாம் பூஜ்யம். கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கிற எச்4 விசாவில் வந்த மனைவிமார் சிலருக்கு வேலை அனுமதி 2015 மே மாதத்தில்தான் வந்தது, அதுவும் பெரும்பாலும் கணவருக்காக நிறுவனம் போட்ட ஐ140 என்கிற கிரீன் கார்டு மனு தேறினால்தான். எங்களுக்கு அது தேறும்வரை நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கும் கடைக்கும் நடந்தவள். குழந்தைக் காப்பகத்துக்குப் போகாத பணத்தையும், வெளியே சாப்பிடாத சாப்பாட்டையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது? 401கே பற்றி மட்டும் ஒரு நிம்மதி. பெயர் இவருடையதாக இருந்தாலும், இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் மனைவிக்கு. வேறு யாரையாவது வாரிசாகப் போட வேண்டுமென்றால் நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

எங்கள் ஊரில் நிகர மதிப்பைக் கழுத்தில் படிப்பார்கள். மாசியில் சித்தூர்ப் பகவதி கோயிலில் கொங்கன்படை. கொங்குப் படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடுகிற விழா. அதைப் பார்க்கக் கொங்குத் தமிழ் பேசுகிற நாங்களே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போவோம், அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அங்கே பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, மத்திய வங்கிக்காரர்கள் வந்து பாடம் கேட்கலாம். அம்மாவின் கழுத்து வெறுமையாக இருந்தால் விதைப்புக்கு நகை வங்கியில் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது விவசாயக் கடனைச் சரியாகக் கட்டினால் 4 சதவீதம்தான் வட்டி, அதனால் ஆடிக்குப் போன ஆரம் தைக்குள் திரும்பிவிடும். “எங்கேக்கா ஆரம்?” என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவருடையதும் பக்கத்து லாக்கரில் இருந்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். உட்கார்ந்து பேசி ஒரு வழி செய்தோம். அந்தக் கணக்கெடுப்பில் நகையையும் சொத்தாகச் சேர்க்கிறார்கள்தான், அதில் இவர் பக்கம் நியாயம் உண்டு. அவர்கள் குடும்பத்தை மொத்தமாக எடுப்பதால் யாருடைய நகை என்று பிரிப்பதும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பிரிப்பு உண்டு. என் நகை தனித்தாளில், கூட்டுத்தொகையில் சேராது. என் தம்பியோடு பாகம் பிரிக்காத ஒன்றரை ஏக்கரும் அந்தத் தாளில்தான். ஊர் வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அதனால் அவை தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. லாக்கரில் கிடக்கும் நகை அந்தப் படிவத்தில் வராது. அமெரிக்க அரசாங்கமே கேட்காத ஒன்றை இவர் கேட்டார் பாருங்கள்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது, என் கட்டம் நிரம்புகிறது. இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் சம்பளம் ஏறின அன்று முதலில் மனதுக்குள் ஓடுவது இன்றைக்குப் பவுன் என்ன விலை என்பதுதான், டாலரில்கூட இல்லை.

போன வாரம் அம்மா போன் செய்தாள். “கண்ணு, பேத்தி பேரைச் சொல்லி அப்பா ஒரு குறி சேர்ந்திருக்காரு, மாசம் பத்தாயிரம். நீங்க அனுப்பி வெச்சிருங்க.” குறி என்றால் சீட்டு. 1969-லிருந்து நடக்கிற கேரள அரசு நிறுவனத்துச் சீட்டு, மறுக்கக் காரணமில்லை. இவர் லேப்டாப்பைத் திறந்துகொண்டு கேட்கிறார்: ஏலத்தில் எடுக்கும்வரை கட்டியது சொத்து, எடுத்த பிறகு மீதித் தவணை கடன், அது புரிகிறது, ஆனால் சேர்ந்தது மாமா, கட்டுவது நாம், பேர் பாப்பாவுக்கு, இதை யார் தாளில் எழுதுவது?

அப்பாவிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.