அக்ரிமென்ட் அவரு பேர்ல, பூட்டுக்கு வெளியில நானு: வாடகை வீட்டுக்குள்ள திரும்பப் போன 41 நாள்

ஊர் பேரு, ஆபீஸ் பேரு எதுவும் எழுத மாட்டேன், கேஸ் இன்னும் நடந்துட்டு இருக்கு. எதுக்காக ராத்திரியோட ராத்திரியா பசங்களைக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போனேன்னும் எழுதப் போறதில்ல. அதைக் கேக்கறதுக்குன்னே நிறைய பேர் இருந்தாங்க, கேட்டு முடிச்சிட்டாங்க. இது வீட்டைப் பத்தி மட்டும்.

பத்து நாள் கழிச்சு, ஸ்கூல் இருக்கேன்னு திரும்பி வந்தா, என் பூட்டுக்கு மேல இன்னொரு புதுப் பூட்டு தொங்குது. கீழ் வீட்ல இருந்து ஓனர் வந்தாரு. "உங்க வீட்டுக்காரர் மாசக் கடைசில காலி பண்றேன்னு சொல்லிட்டாரும்மா, அட்வான்ஸ் ரெடி பண்ணச் சொல்லிருக்காரு, சாவி உங்ககிட்ட குடுக்கக் கூடாதாம்"னாரு. நான் உள்ள என் சாமான், பசங்க புக்ஸ் எல்லாம் இருக்குன்னு சொன்னதுக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி. அக்ரிமென்ட் யார் பேர்லம்மா இருக்கு?

இந்தக் கேள்வியை அடுத்த 41 நாள்ல எத்தனை பேர் என்னைக் கேட்டாங்கன்னு எண்ணிப் பாத்தா ஓனர், ஸ்டேஷன்ல ரைட்டர், ரெண்டு ஆபீஸ்ல ரெண்டு கிளார்க், எங்க பெரியப்பா, அஞ்சு பேரு. அஞ்சு பேரும் பதில் கேட்டதும் தலையாட்டி "அப்புறம் என்ன பண்றது"ன்னாங்க. ஆனா 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல ரெண்டாவது பிரிவுலயே தெளிவா இருக்கு, சேர்ந்து வாழ்ந்த வீடு சொந்த வீடா இருந்தாலும் வாடகை வீடா இருந்தாலும், ரெண்டு பேர் பேர்ல இருந்தாலும் ஒருத்தர் பேர்ல மட்டும் இருந்தாலும், அது சேர்ந்து வாழ்ந்த வீடுதான். 17வது பிரிவு, அந்த வீட்ல அவளுக்கு இருக்க உரிமை இருக்கு, சட்டப்படி உத்தரவு வாங்காம வெளிய தள்ளக் கூடாதுங்குது. இதை எனக்கு முதல் நாளே ஒருத்தர் சொல்லியிருந்தா அந்தப் பூட்டு முன்னாடி உக்காந்து அப்படி அழுதிருக்க மாட்டேன்.

பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணேன், நல்லா பேசினாங்க, ஒருங்கிணைந்த சேவை மையத்துல மூணு நாள் தங்க வெச்சாங்க, அங்க ஒரு குறையும் இல்ல.

குறை ஆரம்பிச்சது மகளிர் ஸ்டேஷன்ல. காலைல பத்து மணிக்குப் போய் மத்தியானம் ரெண்டரைக்குத்தான் கூப்பிட்டாங்க. அவருக்கும் போன் போட்டு வரச் சொன்னாங்க, வந்தாரு, (அவரு இவருன்னுதான் எழுத வருது, பழக்கம்) அயர்ன் பண்ண சட்டை போட்டுட்டு ரொம்ப மரியாதையா பேசினாரு. கடைசில ஒரு வெள்ளைப் பேப்பர்ல "இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டோம், வீட்டுச் சாமான்களை ஞாயிறன்று எடுத்துக்கொள்கிறேன்"னு எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பேனாவைக் கையில வாங்கிட்டேன். என் பொண்ணு, ஏழு வயசு, "சாமான் எடுத்துட்டு எங்கம்மா போவோம்?"னு கேட்டா. பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டேன். அந்தக் கையெழுத்து விழுந்திருந்தா நானே இஷ்டப்பட்டு காலி பண்ணேன்னு ஆயிருக்கும்னு பின்னாடி வக்கீல் மேடம் சொன்னாங்க. ஸ்டேஷன்ல எழுதற சமாதானப் பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒரு ராத்திரி படிச்சுட்டு போடறேன்னு சொல்லுங்க, யாரும் தூக்குல போட மாட்டாங்க. அன்னிக்கு நான் கேட்டு வாங்கினது சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன் தர்ற அத்தாட்சி, அது ஒண்ணுதான், அதுக்கே இன்னும் ஒன்றரை மணி நேரம்.

அப்புறம் பாதுகாப்பு அலுவலர், இந்தச் சட்டப்படி மனு போட உதவறதுக்குன்னு அரசு வெச்சிருக்கற அதிகாரி. இங்கதான் ஒரு முழு நாளும் பஸ் காசும் வேஸ்ட். அம்மா வீடு பக்கத்து மாவட்டம். எங்க ஊர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கற ஆபீஸ்ல கிளார்க் என் ஆதாரைப் பாத்துட்டு, "அட்ரஸ் அந்த மாவட்டம், இப்ப தங்கியிருக்கறதும் அங்க, அங்கயே குடுங்க"ன்னாரு. சரின்னு மறுநாள் ரெண்டு பஸ் மாறி அங்க போனா, "சம்பவம் நடந்தது அங்க, வீடு அங்க, இங்க எதுக்கு வந்தீங்க"ன்றாங்க. 27வது பிரிவைப் பாருங்க, நிரந்தரமா இருக்கற இடம், தற்காலிகமா தங்கியிருக்கற இடம், வேலை பாக்கற இடம், எதிர் தரப்பு இருக்கற இடம், சம்பவம் நடந்த இடம், இதுல எந்த ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல வேணா மனு போடலாம். அப்படிப் பாத்தா ரெண்டு ஊருமே எனக்குப் பொருந்தும், ரெண்டு பேரும் அனுப்பிட்டாங்க. மூணாவது நாள் எங்க ஊருக்கே திரும்ப வந்து, கிளார்க்கைத் தாண்டி நேரா பாதுகாப்பு அலுவலர் மேடம் ரூம் வாசல்ல நின்னுட்டேன். அவங்க பாத்துட்டு அரைமணி நேரத்துல டிஐஆர், அதாவது கோர்ட்டுக்குப் போற குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை, எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அதாவது ஆபீஸ் மோசம் இல்ல, அந்த மேஜையைத் தாண்டறதுதான் கஷ்டம்.

கிளார்க் கேட்ட பேப்பர்ல ரெண்டு என்கிட்ட இல்ல. ஒண்ணு மேரேஜ் சர்டிபிகேட், நாங்க பதிவே பண்ணல. ரெண்டு, அக்ரிமென்ட் ஒரிஜினல். அது பூட்டின வீட்டுக்குள்ள பீரோல இருக்கு! அது உள்ள இருக்கறதால உள்ள போக முடியல, உள்ள போனாத்தான் அது கிடைக்கும். மேடம் ரெண்டும் இல்லாமலே எழுதினாங்க. கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அந்த வீட்டு அட்ரஸ்ல கேஸ் சிலிண்டர் புக், பசங்க ஸ்கூல் ஃபீஸ் ரசீது, இது போதும்னாங்க. ஆனா எல்லாத்தையும் விட வேலை செஞ்சது என் போன்ல இருந்த ஜிபே. பதினாலு மாசமா வாடகை 7,500ம் என் அக்கவுன்ட்ல இருந்துதான் ஓனருக்குப் போயிருக்கு. அக்ரிமென்ட் அவரு பேரு, காசு என் காசு. அதை வரிசையா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரின்ட் போட்டு நீட்டினேன், மேடம் லேசா சிரிச்சாங்க.

அந்த மாச வாடகையையும் பூட்டுக்கு வெளியில இருந்துட்டே அனுப்பினேன். தம்பி திட்டினான், இருக்காத வீட்டுக்கு எதுக்கு வாடகைன்னு. ஓனர் வாங்கிட்டாரு, திருப்பி அனுப்பல. வாங்கின வாடகைக்கு அப்புறம் காலி பண்ணிட்டாங்கன்னு அவராலயும் சொல்ல முடியாதில்ல.

வக்கீல், கோர்ட் வளாகத்துல இருக்கற இலவச சட்ட உதவி மையத்துல. பொம்பளைங்களுக்கு வருமான வரம்பெல்லாம் பாக்கக் கூடாது, சம்பளம் வாங்கினாலும் இலவசம்தான், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். சம்பள ஸ்லிப் கேட்டா இதைச் சொல்லுங்க. மேடம் சின்னப் பொண்ணு, அக்கறையாத்தான் இருந்தாங்க, ஆனா முதல்ல டைப் பண்ணிட்டு வந்த மனுல பாதுகாப்பு உத்தரவு, ஜீவனாம்சம், அவ்ளோதான். வீடு எங்கன்னு கேட்டேன். "ஜீவனாம்சம் வாங்கி வேற வீடு பாத்துக்கலாமே"ன்னாங்க. தனியா ரெண்டு பசங்களோட ஒருத்தி, கோர்ட் கேஸ் வேற, எவன் வீடு குடுப்பான்? பசங்க ஸ்கூல் அந்தத் தெரு முனைல.

இந்த இடத்துல நிதானமா படிங்க. குடும்ப வன்முறைச் சட்டத்தோட 19வது பிரிவுல முதல் உட்பிரிவோட கீழ வரிசையா பட்டியல் இருக்கும். முதல்ல வர்றது, அவளை வெளியேத்தக் கூடாது. எல்லாரும் அதோட நிறுத்திடறாங்க. வாடகை வீட்டுக்காரங்களுக்கு உயிர் அஞ்சாவதா வர்றதுதான்: மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாம அவரு அந்த வீட்டு உரிமையை விட்டுக் குடுக்கக் கூடாது. அதாவது ஓனர்கிட்ட போய் "நான் காலி பண்றேன், அட்வான்ஸ் குடு"ன்னு சொல்ல முடியாது. ஆறாவது, அதே தரத்துல வேற வீடு பாத்துக் குடுக்கணும் இல்ல வாடகை கட்டணும்னு கேக்கறது. அப்புறம் அதே பிரிவுல தள்ளி ஒரு இடத்துல, வாடகையை அவரு கட்டணும்னு கோர்ட் சொல்லலாம்னும், ஸ்டேஷன் உதவி பண்ணணும்னு உத்தரவு போடலாம்னும் இருக்கு. இதெல்லாம் தனித்தனியா மனுல கேக்கணும், பொதுவா "குடியிருப்பு உத்தரவு வேண்டும்"னு ஒரு வரி எழுதினா பொதுவா ஒரு வரிதான் திரும்பி வரும். கூடவே 18ல பாதுகாப்பு உத்தரவையும் விட்டுடாதீங்க, ஏன்னா மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 20,000 வரைக்கும் அபராதம்னு சொல்ற 31வது பிரிவுல பாதுகாப்பு உத்தரவுன்னுதான் எழுதியிருக்கு, குடியிருப்பு உத்தரவுன்னு இல்ல.

(மாமனார் மாமியார் பேர்ல வீடு இருக்கறவங்க கேப்பீங்க. 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் பழைய தீர்ப்பை மாத்தி, அவங்க பேர்ல இருந்தாலும் சேர்ந்து குடும்பமா வாழ்ந்த வீடுன்னா கேக்கலாம்னு சொல்லிருக்கு. என் விஷயம் அது இல்ல, அதனால இதோட விடறேன்.)

மனு போட்டா சாதாரணமா மூணு நாளுக்குள்ள முதல் வாய்தான்னு சட்டத்துல இருக்கு. எனக்கு பத்தாவது நாள். போனா, நோட்டீஸ் சேரல, வாய்தா. ஏன் சேரலன்னு பாத்தா கவர்ல எழுதியிருக்கு, "கதவு பூட்டியுள்ளது". எந்தக் கதவு? அவரு என்னை உள்ள விடாம பூட்டின அதே கதவு! மனுல அவரு அட்ரஸ்னு அந்த வீட்டையே போட்டிருக்கோம், நானும்தான் கையெழுத்துப் போட்டேன், மூணு பேர் படிச்சோம், யாருக்கும் தோணல. கோர்ட் வராண்டால எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. அவரு வேலை பாக்கற கம்பெனி அட்ரஸ், தங்கச்சி வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் முதல்லயே போட்டுடுங்க. அப்புறம் பாதுகாப்பு அலுவலர் ஆபீஸ்ல இருந்தே ஆள் போய் கம்பெனில கையில குடுத்தாங்க. அடுத்த வாய்தாக்கும் அவரு வரல. 23வது பிரிவுல இடைக்கால மனு போட்டிருந்ததால, மாஜிஸ்ட்ரேட் அம்மா பத்து நிமிஷத்துல முடிச்சாங்க. வெளியேத்தக் கூடாது, வீட்டை விட்டுக் குடுக்கக் கூடாது, வாடகை அவரு கட்டணும், ஸ்டேஷன் உதவணும்.

உத்தரவு நகல் இலவசம், 24வது பிரிவு. நகல் பிரிவுல "மனு எழுதி ஸ்டாம்ப் ஒட்டிட்டு வாங்க"ன்னாரு ஒருத்தர், வக்கீல் மேடம் வந்து புக்கைத் திறந்து வரியைக் காட்டினதும் எடுத்துக் குடுத்தாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் போனா திருவிழா பந்தோபஸ்து, திங்கக்கிழமை வாங்க. திங்கள் போய் செவ்வாய் ஆச்சு.

ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தாங்க. புதுப் பூட்டுக்கு சாவி இல்ல. சுத்தியல் கொண்டு வந்தது யாருன்னா ஓனரே. மூணாவது அடில பூட்டு விட்டுச்சு, என் பூட்டை நான் என் சாவி போட்டுத் திறந்தேன். உள்ள மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்காரு. ஃப்ரிட்ஜைத் திறந்தா, போறதுக்கு முதல் நாள் ஆட்டி வெச்ச இட்லி மாவு, தூக்குச்சட்டி மூடியைத் தள்ளிட்டு பொங்கி வழிஞ்சு கருப்பா காஞ்சு போயிருக்கு. அந்த நாத்தம் ரெண்டு நாள் போகல. பீரோல அக்ரிமென்ட் இருந்துச்சு, 20 ரூபா பத்திரம், பதினொரு மாசம், எப்பவோ முடிஞ்சு போச்சு.

அதனால ஒண்ணு, இந்த உத்தரவு அவரைத்தான் கட்டிப் போடும், ஓனரை இல்ல. ஓனர்கிட்ட நகல் குடுத்து கையெழுத்து வாங்கி வெச்சேன், அட்வான்ஸ் 50,000ஐ அவருகிட்ட குடுக்காம இருக்க அது உதவுச்சு. ஆனா ரெண்டு வாரத்துல மாடிக்குத் தண்ணி நின்னுச்சு, வால்வு ரிப்பேராம். தமிழ்நாட்ல 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்துல தண்ணி, கரன்ட் நிறுத்தக் கூடாது, டெபுடி கலெக்டர் நிலைல இருக்கற வாடகை அதிகாரிகிட்ட மனு போடலாம். போடல, போடுவேன்னு மட்டும் சொன்னேன், சாயங்காலம் தண்ணி வந்துச்சு. ஆனா அதே சட்டத்துல எழுத்துல அக்ரிமென்ட் இல்லன்னா அதையே காரணமா வெச்சு ஓனர் காலி பண்ணச் சொல்லி வாடகை கோர்ட்டுக்குப் போகலாம், அதனால சண்டையைப் பெருசாக்காம அக்காகிட்ட, ஓனர் சம்சாரத்துகிட்டதான், பேசினேன். அவங்கதான் ஓனரைச் சம்மதிக்க வெச்சாங்க. போன வாரம் புது அக்ரிமென்ட் டைப் அடிக்கக் குடுத்திருக்கு, என் பேர்ல, வாடகை 500 ஏத்தி.

அவரு ரெண்டு மாசம் வாடகை கட்டினாரு, இந்த மாசம் வரல. அதுக்கு மனு ரெடி. அடுத்த வாய்தா புதன்கிழமை, காலைல ஒன்பதரைக்கே போகணும், அதனால செவ்வாய் ராத்திரியே மாவு ஆட்டி வெச்சிடணும்.