மூன்று கால்கள், ஆறு மின்தடைகள்: உதிரிபாக சோதனைக் கருவி செய்து பார்த்த அனுபவம்

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. பழைய ரேடியோ, எரிந்துபோன எமர்ஜென்சி விளக்கு, கழித்துப்போட்ட டிவி ஆகியவற்றின் பலகைகளிலிருந்து பல ஆண்டுகளாகக் கழற்றிச் சேர்த்தவை அவை. பாதிக்கு மேல் எழுத்து அழிந்துவிட்டது. எழுத்து இருப்பவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. பிசி547 வகை டிரான்சிஸ்டரைத் தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் அதன் மூன்று கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். 2என்3904-ல் அதே பிடியில் எமிட்டர், பேஸ், கலெக்டர். 2222 என்ற ஒரே எண்ணைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் உறை டிரான்சிஸ்டர்களிலேயே பி2என்2222ஏ ஒரு வரிசை, பிஎன்2222ஏ அதற்கு நேர்மாறான வரிசை. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் பேஸ் எது என்று தெரியும். மற்ற இரண்டில் கலெக்டர் எது என்று உறுதியாகச் சொல்வதற்குள் பொறுமை போய்விடும். ஆகவே எந்தக் காலை எந்தத் துளையில் செருகினாலும், செருகியது என்ன, அதன் கால்கள் எவை என்று தானே கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றை நானே செய்ய முடிவு செய்தேன்.

இந்த வகைக் கருவியின் மூலம் ஜெர்மனியில் இருக்கிறது. மார்க்கஸ் ஃப்ரெயெக் என்பவர் அட்மெகா8 என்ற மைக்ரோகண்ட்ரோலரை, அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினியைக் கொண்டு முதலில் அமைத்ததை, கார்ல்-ஹைன்ஸ் கூபெலர் அட்மெகா168, அட்மெகா328 ஆகியவற்றுக்கு விரித்து, மிக விரிவான விளக்கக் கையேட்டுடன் வெளியிட்டார். இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சோதனைக் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வேலையின் வழி வந்தவையே. அவர்களுடைய நிரலை அப்படியே ஏற்றியிருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அளவு எப்படி வருகிறது என்பதை நான் புரிந்துகொள்ள விரும்பினேன். எனவே மின்சுற்றை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு நிரலை முதலிலிருந்து நானே சி மொழியில் எழுதினேன்.

சுற்று வியக்கத்தக்க அளவுக்கு எளியது. சோதனை முனைகள் மூன்று. ஒவ்வொரு முனையும் மைக்ரோகண்ட்ரோலரின் ஓர் அனலாக் காலுடன் நேரடியாகவும், ஒரு டிஜிட்டல் காலுடன் 680 ஓம் மின்தடை வழியாகவும், இன்னொரு டிஜிட்டல் காலுடன் 470 கிலோ ஓம் மின்தடை வழியாகவும் இணைகிறது. ஆக மொத்தம் ஒன்பது கால்கள், ஆறு மின்தடைகள். ஒவ்வொரு காலையும் நிரல் மூலம் 5 வோல்ட்டுக்கு உயர்த்தலாம், பூஜ்யத்துக்குத் தாழ்த்தலாம், அல்லது எதனுடனும் ஒட்டாமல் மிதக்க விடலாம். ஒரு முனையை நேரடியாகத் தரையுடன், அதாவது பூஜ்ய வோல்ட்டுடன் இணைத்து, இன்னொன்றை 680 ஓம் வழியே 5 வோல்ட்டுக்கு இழுத்து, மூன்றாவதை 470 கிலோ ஓம் வழியே மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால், உள்ளே இருப்பது என்பிஎன், பிஎன்பி என்ற எதிரெதிர் வகை டிரான்சிஸ்டர்களில் ஒன்றா, மின்னழுத்தத்தால் இயங்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரா, வெறும் டையோடா என்பது வெளிப்பட்டுவிடும். மூன்று முனைகளை இப்படி ஆறு விதமாக மாற்றி அமைக்கலாம் என்பதால் ஆறு சுற்று சோதனை.

அட்மெகா328பி உள்ள ஆர்டுயினோ நானோ பலகை ஒன்று, 16 எழுத்து இரண்டு வரி எல்சிடி ஒன்று, ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் மின்தடைகள், 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகி அளவு மாற்றும் மின்தடை) ஆகியவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பற்றவைக்காமலே இணைக்க உதவும் பிரெட்போர்டில் செருகி, எல்சிடியில் எழுத்து வரவைத்தது முதல் ஞாயிற்றுக்கிழமையின் வேலை. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் வாரம் 10 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினேன். கருவி 30 ஓம் என்றது. 100 ஓமை 120 என்றது. எதை மாட்டினாலும் இருபது கூடுதலாக வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் நேரடியாக இணைத்து, அந்த இணைப்பின் மின்னழுத்தத்தை அளந்தேன். ஒரு முனை தரையில் இருக்கும்போது அங்கே பூஜ்யம் வர வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு; வந்ததோ 0.14 வோல்ட். மைக்ரோகண்ட்ரோலரின் கால் தரையைத் தொடுகிறது என்று நாம் சொன்னாலும், உள்ளே அது ஒரு சிறிய மாஸ்ஃபெட் வழியாகத்தான் தொடுகிறது. அந்த மாஸ்ஃபெட்டுக்கு ஏறக்குறைய 20 ஓம் மின்தடை உண்டு. மேலே இழுக்கும் காலுக்கும் அதே அளவில் ஒரு மின்தடை. அப்படியானால் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையில் இருப்பது 680 அல்ல, 720 ஓம். ஓடுவது ஏறத்தாழ 7 மில்லி ஆம்பியர். அது கீழ்க்காலின் 20 ஓமில் 0.14 வோல்ட்டை உண்டாக்குகிறது. எல்லாம் பொருந்தியது. உதிரிபாகத்தை அளப்பதற்கு முன் கருவி தன்னைத்தானே அளந்து வைத்திருக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அதன் பிறகு மேல்முனை, கீழ்முனை இரண்டின் மின்னழுத்தத்தையும் படித்து வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுக்கும்படி நிரலை மாற்றினேன். 10 ஓம் 10 ஆயிற்று.

அடுத்த சிக்கல் மின்சாரம் வரும் வழியில் இருந்தது. மடிக்கணினியில் செருகினால் ஓர் அளவு, செல்போன் சார்ஜரில் செருகினால் வேறோர் அளவு வந்தது. யுஎஸ்பி வழியே வரும் மின்சாரம் நானோ பலகையில் சிறிது மின்னழுத்தத்தைத் தின்னும் ஒரு ஷாட்கி டையோடைத் தாண்டித்தான் மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகிறது. ஆகவே உள்ளே இருப்பது 5 வோல்ட் அல்ல, என் பலகையில் 4.68. இதற்குத் தீர்வு அட்மெகா328-க்குள்ளேயே உள்ளது. அதன் உள்ளே ஒப்பிட்டு அளப்பதற்கான நிலையான 1.1 வோல்ட் மின்னழுத்தம் ஒன்று இருக்கிறது. மின்வழங்கலை அளவுகோலாக வைத்து அந்த 1.1-ஐ அளந்தால், கணக்கைத் திருப்பிப்போட்டு மின்வழங்கல் எவ்வளவு என்று அறியலாம். ஆனால் அந்த 1.1 என்பதும் பெயரளவுதான், 1.0 முதல் 1.2 வரை சிப்புக்குச் சிப்பு மாறலாம் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளே சொல்கிறது. நல்ல மல்டிமீட்டரால் ஒருமுறை ஒப்பிட்டதில் என்னுடையது 1.083 வோல்ட் என்று கண்டு, அந்த எண்ணை, மின்சாரம் நின்றாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதி வைத்தேன். பிறகு 9 வோல்ட் பேட்டரியும் 5 வோல்ட் ரெகுலேட்டரும் வைத்தபோதும் இந்த ஏற்பாட்டை விடவில்லை.

சிறிய மின்தேக்கிகளை அளக்கும் பகுதியை எழுதியபோது கிடைத்த மகிழ்ச்சி வேறு எதிலும் கிடைக்கவில்லை. மின்தேக்கியை முதலில் முழுவதுமாக வடித்துவிட்டு, 470 கிலோ ஓம் வழியே நிரப்பத் தொடங்கி, அதன் மின்னழுத்தம் அந்த 1.083 வோல்ட்டைத் தாண்டும் கணத்தைப் பிடிக்க வேண்டும். சிப்புக்குள் இருக்கும் ஒப்பீட்டுச் சுற்று அந்தக் கணத்தை உணர்ந்ததும், 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் டைமர் தன் எண்ணிக்கையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். நிரல் இடையில் நின்று தாமதப்படுத்துவதில்லை. 5 வோல்ட் மின்வழங்கலில் ஒரு நானோஃபாரட் நிரம்ப ஏறத்தாழ 115 மைக்ரோ வினாடி, அதாவது 1836 துடிப்புகள். ஒரு பிக்கோஃபாரடுக்கு இரண்டு துடிப்புக்குச் சற்றுக் குறைவு. இருநூற்றைம்பது ரூபாய்ப் பலகை ஒரு பிக்கோஃபாரடை உணர்கிறது என்பதை நம்பச் சற்று நேரமாயிற்று. எதுவும் மாட்டாதபோதே 70 துடிப்புகள் வந்தன. காலும் கம்பியும் பிரெட்போர்டும் சேர்ந்து 38 பிக்கோஃபாரட் என்று அதற்குப் பொருள். அதைக் கழித்துக்கொண்டேன். 16 பிட் டைமர் 65,536-ல் சுற்றி வந்துவிடும் என்பதால் 35 நானோஃபாரடுக்கு மேல் போனால் எத்தனை முறை சுற்றியது என்பதையும் எண்ண வேண்டியிருந்தது.

இங்கேதான் மூன்றாவது முனை ஒரு வித்தியாசத்தைக் காட்டியது. அதே 1 நானோஃபாரட் மின்தேக்கியை முதல் முனையிலிருந்து நிரப்பினால் 1000 பிக்கோஃபாரட், இரண்டாவதிலிருந்தும் 1000, மூன்றாவதிலிருந்து நிரப்பினால் 1014. மின்தடையை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், பிரெட்போர்டில் இடத்தை மாற்றினேன், 14 நகரவில்லை. இரவு அறை விளக்கை அணைத்தபோது, சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் பலகையில் இருந்த சிறிய எல்இடி மங்கலாகத் துடிப்பதைப் பார்த்தேன். மூன்றாவது முனையின் 470 கிலோ ஓமை நான் இணைத்திருந்தது 13-ஆம் எண் காலில். நானோ பலகையில் அந்தக் காலில்தான் எல்இடி இருக்கிறது. கால் உயரும்போது எல்இடி 3 மில்லி ஆம்பியரை இழுக்கிறது, காலின் உள் மின்தடையான 20 ஓமில் 60 மில்லி வோல்ட் விழுகிறது, ஆகவே மின்தேக்கி 5 வோல்ட்டிலிருந்து அல்ல, 4.94-லிருந்து நிரம்புகிறது. கணக்குப் போட்டால் சரியாக 1.4 சதவீதம். சால்டரிங் அயர்ன் முனையால் அந்த எல்இடியை வழித்து எடுத்தேன். மூன்று முனைகளும் 1000 என்றன.

பெரிய மின்தேக்கிகளுக்கு 470 கிலோ ஓம் ஒத்துவராது. 10 மைக்ரோஃபாரடுக்கே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். அவற்றை 680 ஓம் வழியே 10 மில்லி வினாடி நிரப்பி, நிறுத்தி, முனையை மிதக்கவிட்டு, பிறகு அளக்கிறேன். நிறுத்தாமல் அளந்தால் கீழ்க்காலின் 0.14 வோல்ட் மறுபடியும் உள்ளே புகுந்துவிடும்.

டிரான்சிஸ்டரின் மின்பெருக்கத்தை, அதாவது கலெக்டர் மின்னோட்டம் பேஸ் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை அளப்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். பிசி547பி ஒன்றின் எமிட்டர் தரையில், பேஸ் 470 கிலோ ஓம் வழியே, கலெக்டர் 680 ஓம் வழியே மேலே. பேஸ் முனையில் 0.71 வோல்ட், கலெக்டர் முனையில் 3.10 வோல்ட் கிடைத்தன. பேஸில் ஓடுவது 4.29-ஐ 470 கிலோ ஓமால் வகுத்தால் 9.13 மைக்ரோ ஆம்பியர். கலெக்டரில் ஓடுவது 1.90-ஐ 700-ஆல் வகுத்தால் 2.71 மில்லி ஆம்பியர், பெருக்கம் 297. பி பிரிவுக்குரிய 200 முதல் 450 என்ற வரம்புக்குள் அது நன்றாகவே அமைகிறது. மல்டிமீட்டர் 303 என்றது. முதலில் எனக்கு இந்த எண் ஓட்டத்துக்கு ஓட்டம் தாவிக்கொண்டே இருந்தது. 470 கிலோ ஓம் போன்ற உயர்ந்த மின்தடைக்குப் பின்னால் இருக்கும் முனையைப் படிக்கும்போது மின்னழுத்தத்தை எண்ணாக்கும் அனலாக் மாற்றியின் உள்ளே இருக்கும் சிறு மின்தேக்கி முந்தைய முனையின் அளவைச் சிறிது சுமந்து வருகிறது. முதல் வாசிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, சற்றுப் பொறுத்து, அடுத்த இருபது வாசிப்புகளின் சராசரியை எடுத்ததும் எண் நின்றது.

இன்னொரு தவறு என் தர்க்கத்தில் இருந்தது. டிரான்சிஸ்டர் தலைகீழாக மாட்டினாலும் கொஞ்சம் வேலை செய்யும் என்பதை நான் மறந்துவிட்டேன். ஆறு சுற்றில் எது முதலில் கடத்தியதோ அதையே விடையாக எடுத்ததால், அதே பிசி547-க்குச் சில சமயம் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறி, பெருக்கம் 7 என்று வந்தது. இப்போது இரு திசையிலும் அளந்து பெரியதையே கருவி ஏற்றுக்கொள்கிறது. ஒரு கடையில் வாங்கிய பொட்டலத்தில் பிசி547 என்று அச்சிட்ட நான்கு டிரான்சிஸ்டர்கள் கால்வரிசை மாறியவை என்பது இதனால்தான் தெரிய வந்தது.

ஐந்தாம் வாரம் பலகையை இழந்தேன். பழைய பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மின்தேக்கியை, கழற்றி ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே என்ற நம்பிக்கையில், வடிக்காமல் மாட்டிவிட்டேன். சத்தமோ புகையோ எதுவும் இல்லை. நடு முனை மட்டும் அதன் பிறகு எப்போதும் பூஜ்யம் காட்டியது. அனலாக் கால் மின்தடை எதுவும் இல்லாமல் நேரடியாக வெளியே வருகிறது என்பதுதான் இந்தச் சுற்றின் வலிமை, பலவீனமும் அதுவே. நானோவில் சிப்பை மாற்றுவது எனக்குக் கைவராத வேலை. எனவே 28 கால் அட்மெகா328பி வாங்கி, டாட் போர்டில் ஐசி சாக்கெட் வைத்து, 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலுடன் முழுவதையும் புதிதாகப் பற்றவைத்தேன். அதில் ஒரு நன்மையும் கிடைத்தது. நானோ பலகையில் அளவுகோல் மின்னழுத்தத்துக்கான ஏரெஃப் காலில் 100 நானோஃபாரட் மின்தேக்கி இருப்பதால், 5 வோல்ட் அளவுகோலிலிருந்து 1.1 வோல்ட்டுக்கு மாறும்போது அது வடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் பலகையில் அந்த இடத்தில் ஒரு நானோஃபாரட் போட்டதும் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்தது. மூன்று முனைகளை இப்போது நெம்புகோல் வைத்த ஜிஃப் சாக்கெட்டுக்குக் கொண்டுவந்துள்ளேன். அதன் பக்கத்திலேயே 100 ஓம் மின்தடை ஒன்றை இரண்டு திருகுகளுக்கு இடையில் பொருத்தியிருக்கிறேன்; எந்த மின்தேக்கியும் அந்தத் திருகுகளைத் தொட்ட பிறகுதான் சாக்கெட்டுக்கு வரும்.

குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் எதிர்த்திசையிலும் கடத்தும் ஸீனர் டையோடுகளில் 4.5 வோல்ட்டுக்கு மேற்பட்டவற்றை 5 வோல்ட்டில் ஓடும் இந்தக் கருவியால் அறிய முடியாது. அதற்குத் தனியே உயர் மின்னழுத்தச் சுற்று வேண்டும். பிஸ்கட் டப்பாவில் முக்கால்வாசியைத் தரம் பிரித்து, சிறு உறைகளில் போட்டு எழுதி வைத்துவிட்டேன். மீதியிருப்பவை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஏசி128 ஒன்றை மாட்டினால் பேஸ் மின்னழுத்தம் 0.2 வோல்ட், பெருக்கம் 108 என்று வந்தது. ஆனால் பேஸை மிதக்கவிட்டபோதும் கலெக்டரில் 0.21 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கழித்தால் உண்மையான பெருக்கம் 87. கழிக்கும் வரிகளை நேற்றுச் சேர்த்தேன். உலோக உறையை இரு விரல்களால் பிடித்துக்கொண்டு மீண்டும் மீண்டும் சோதனைப் பொத்தானை அழுத்தினால், விரல் சூட்டில் கசிவு 0.21, 0.24, 0.29 என்று எல்சிடியில் ஏறுகிறது. கையை எடுத்ததும் மெதுவாக இறங்குகிறது. அடுத்து, கசிவு நிலைபெறும் வரை காத்திருந்து அளக்கும்படி நிரலில் ஒரு பகுதி எழுத வேண்டும்.