எதிரணியில் பேசச் சொன்ன தமிழ் ஐயா

காரைக்குடியில் படித்தவர்களுக்குப் பட்டிமன்றத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா நடக்கும் ஊர். பங்குனி வந்தால் தமிழ் ஐயா விடுதிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவார். ஆனால் அவரிடம் நான் படித்த பெரிய பாடம் கம்பனில் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில், ஆண்டு விழாவில் நாடகம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் தனித்தனியாகக் கேட்டிருந்தால், "பெரிய சாரிடம் கேட்டுப் பார்க்கலாம்" என்பதற்கு மேல் யாரும் போயிருக்க மாட்டோம். சாயங்காலம், பூட்டிக்கிடந்த ஒரு செட்டியார் வீட்டுத் திண்ணையில் கூடினோம். மனு எழுதலாம் என்றான் ஒருவன். "மனுவா? போன வருஷமும் இப்படித்தான் ஏமாந்தோம்" என்றான் அடுத்தவன். இன்னொருவன் பழைய குறை ஒன்றை எடுத்துப் போட்டான். நிதானமாகப் பேச வந்தவன், கோழை என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டான். விடுதி மணி அடிப்பதற்குள் அரையாண்டுத் தேர்வையே புறக்கணிப்பது என்று முடிவாகிவிட்டது. புதிதாக ஒரு செய்தியும் வரவில்லை. கோபம் மட்டும் வளர்ந்திருந்தது.

ஐயா காதுக்கு விஷயம் போனது. திட்டவில்லை. அதிகம் கொதித்த இருவரைக் கூப்பிட்டு, "நீங்க பள்ளிக்கூடத்துக் கட்சி. பேசுங்கப்பா" என்றார். முதலில் முனகினார்கள். அப்புறம் அவர்களில் ஒருவன், முந்தைய ஆண்டு நாடக மேடை சரிந்து ஒரு பையனுக்குக் கை முறிந்ததைச் சொன்னான். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். திண்ணையில் அதை ஒருவர்கூட எடுக்கவில்லை! புறக்கணிப்பு அன்றே மனுவாக இறங்கியது.

திண்ணையில் நடந்ததை உளவியலில் குழுத் துருவமாதல் என்கிறார்கள்: ஒரே பக்கம் சாய்ந்தவர்கள் கூடிப் பேசினால், அந்தப் பக்கமே இன்னும் சாய்ந்துபோவார்கள். 1969இல் வெளியான ஓர் ஆய்வில் மொஸ்கோவிசி, ஸவலோனி என்ற உளவியலாளர்கள் பிரெஞ்சு மாணவர்களைப் பேசவிட்டுப் பார்த்தார்கள்: பிரெஞ்சு அதிபராக இருந்த டி கோல் மீது ஏற்கெனவே இருந்த மதிப்பும் கூடியது, அமெரிக்கர் மீதிருந்த கசப்பும் கூடியது. 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இடதுசாரிகள் நிறைந்த போல்டர்காரர்களைத் தனியாகவும், வலதுசாரிகள் நிறைந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ்காரர்களைத் தனியாகவும் பேசவைத்தார்கள். புவி வெப்பமாதல் உள்ளிட்ட விஷயங்களில் இரு ஊரும் முன்பைவிட விலகிப்போயின. பேசி முடித்தபின் ஒவ்வொருவரும் தனியாக எழுதிக்கொடுத்த கருத்திலும் அதே சாய்வு. கூட்டத்துக்குப் பயந்து தலையாட்டியது மட்டுமல்ல, மனமே மாறியிருந்தது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிப்பதா என்று நம் பழைய மாணவர் சங்கம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. போன கூட்டத்தில் 'பழுதுபார்க்கலாமே' என்று தொடங்கிய பேச்சு, 'இடிக்கச் சொல்பவன் பள்ளிக்கே துரோகி' என்பதில் போய் நின்றது. நானும் இடிக்கக் கூடாது என்கிற கட்சிதான். அடுத்த கூட்டத்தில் இடிக்க வேண்டும் என்று பேசுவதற்கு என் பெயரைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கூடப் பேச இன்னொருவர் வேண்டும்.