ஹம்பியில் இரண்டு நாள்

நாகர்கோவிலிலிருந்து மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பெங்களூரு வழியாக ரயிலில் ஹொசப்பேட்டை சென்று இறங்கினோம். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர்தான். விஜயநகரப் பேரரசின் தலைநகராக விளங்கிய அந்நகரம், 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்டது.

விட்டலர் கோயிலை நாங்கள் எளிதில் விட்டு வரவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டருக்கு பேட்டரி வண்டி உண்டு என்பதால், முழங்கால் வலியுள்ள மாமியாரும் சிரமமின்றி வந்தார். ஐம்பது ரூபாய்த் தாளில் அச்சிடப்பட்டுள்ள கல் ரதத்தைக் கண்டதும் இளையவன் என் பையைத் துழாவி ஒரு தாளை எடுத்துச் சரிபார்த்தான். அது தேரல்ல, தேர் வடிவில் கட்டப்பட்ட கருடன் சன்னதி என்றதில் அவனுக்குச் சற்று ஏமாற்றம். அருகிலுள்ள இசைத்தூண்களைத் தட்டத் தடை விதித்திருக்கிறார்கள். "இதற்காகவா இவ்வளவு தூரம், மக்களே? நம்ம சுசீந்திரத்திலேயே இருக்கே" என்றார் மாமியார். உண்மைதான், எனினும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இன்றும் விளக்கெரிகிறது, இங்கோ மூலவர் இல்லாத கருவறைக்குள் வெளவால் வாடையே எஞ்சியிருக்கிறது.

ஹம்பியின் விருபாட்சர் கோயிலில் இன்றும் வழிபாடு தொடர்கிறது. அங்கே ஓர் இருட்டறையின் சிறு துளை வழியே கோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழுகிறது. பிள்ளைகள் அதைவிட்டு நகரவே மறுத்தனர்.

குடும்பத்துடன் செல்வோர் கோடைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. பாறைகள் அனலைக் கக்கும். மாலையில் துங்கபத்திரைக் கரையில் அமர்ந்தபோது, எங்கள் ஊர்ப் பழையாற்றைத் தவிர வேறு ஆற்றை அறியாத மாமியார் கால் நனைத்துவிட்டே எழுந்தார்.